சன்னிங்டேல் பழைய கோல்ஃப் மைதானத்தின் ஈர்ப்பு எதில் இருக்கிறது?

2025 ஜூலையில் மூத்தோர் ஓப்பன் கோல்ஃப் போட்டி இங்கிலாந்தின் சன்னிங்டேல் கிளப்பின் பழைய மைதானத்தில் நடந்து, அயர்லாந்தின் பாட்ரிக் ஹாரிங்டன் கோப்பையை வென்றார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒருவர் கேட்கிறார்: பக்கத்தில் கடல் இல்லை, பெரிய ஏரிகள் இல்லை, மொத்த நீளம் 7,000 கெஜத்தைக்கூட எட்டவில்லை, திரையில் தெரிந்ததெல்லாம் பைன் மரங்களும் பழுப்பும் ஊதாவுமான புதர்களும்தான், அப்படியிருக்க, கோல்ஃப் அறிந்தவர்கள் இந்த மைதானத்துக்குத் தனி மரியாதை காட்டுவது ஏன்? அடுத்த கோடையில் இலண்டன் செல்லும்போது ஒரு நாளை ஒதுக்கி அதைப் போய்ப் பார்ப்பது தகுமா?

இரண்டாம் கேள்விக்குத் தகும் என்பதே என் விடை. முதல் கேள்விக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எதற்கும் உதவாது என்று பல நூற்றாண்டுகள் கைவிடப்பட்டிருந்த ஒரு மண்ணின் இயல்பிலிருந்துதான் இந்த மைதானத்தின் ஈர்ப்பு பிறக்கிறது; வடிவமைத்தவர்களின் திறமை அந்த மண்ணைப் புரிந்துகொண்டதில் இருக்கிறது. எனவே மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

இலண்டன் நகரத்தின் பெரும்பகுதி கனமான களிமண் மீது அமர்ந்திருக்கிறது. நகரத்திலிருந்து தென்மேற்கே சரே, பெர்க்‌ஷர் பகுதிகளுக்குள் நுழைந்ததும் அந்தக் களிமண்ணின் மேல் வேறொரு படிவு வருகிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரால் கொண்டுவரப்பட்டுப் படிந்த அந்த மணலுக்கு, அங்குள்ள பாக்சாட் என்ற ஊரின் பெயரையே நிலவியலாளர்கள் வைத்திருக்கிறார்கள். மணலில் மழைநீர் தங்காது. இறங்கும்போது மண்ணின் சத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். காலப்போக்கில் மேல்மண் புளித்து, அமிலத் தன்மை ஏறி, கோதுமையோ பார்லியோ விளையாத நிலமாகிவிடுகிறது. அந்த நிலத்தில் துணிந்து வளர்பவை சிலதாம்: முழங்காலளவுக்கு மேல் எழாத, கம்பிபோல் விறைத்த தண்டுடைய ஹெதர் என்ற குறும்புதர், முள்ளும் மஞ்சள் பூவுமாக நிற்கும் கோர்ஸ், இவற்றிடையே மெல்லிய இலைகொண்ட சில புல்வகைகள். இத்தகைய வெளியைத்தான் ஆங்கிலேயர் ஹீத் என்று அழைக்கிறார்கள். நம் ஐந்திணையில் எதற்குள் இதை வைப்பது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கால்நடை மேய்ந்த திறந்தவெளி என்பதால் முல்லைக்கு நெருக்கம், வறட்சியால் பாலைக்கு நெருக்கம். ஆனால் மழைக்குக் குறைவில்லாத பாலை என்று ஒன்று நம் மரபில் இல்லை.

இந்த வெளி இயற்கை தானாகத் தந்ததன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெண்கலக் காலத்தை ஒட்டி மனிதர்கள் காட்டை அழித்து மேய்ச்சலுக்கும் சாகுபடிக்கும் பயன்படுத்தியதால் மண் சத்திழந்து ஹீத் உருவாயிற்று. அதன்பின் ஊர்ப் பொதுநிலமாக இருந்த இவ்விடங்களில் ஏழைகள் மாடும் ஆடும் மேய்த்தார்கள். அடுப்பெரிக்கப் புற்கரணையும் கோர்ஸ் விறகும் வெட்டிச் சென்றார்கள். அந்த இடைவிடாத பயன்பாடுதான் மரங்கள் தலையெடுக்காமல் பார்த்துக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்சாட் ஹீத் வழியே பயணம் செய்த எழுத்தாளர் டேனியல் டீஃபோ, தலைநகருக்கு இவ்வளவு அருகே இப்படியொரு பாழ்நிலமா என்று திகைத்து, காற்றில் மணல் பறந்ததைக் கண்டு அதை அரேபியப் பாலைவனத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். குதிரை வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்தவர்களுக்கும் இந்தப் புதர்வெளி பேர்போனது.

இனி கோல்ஃப் இங்கு எப்படி வந்தது என்பதைப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் இந்த ஆட்டம் வளர்ந்தது கடலோர மணற்பரப்பில். லிங்க்ஸ் எனப்படும் அந்நிலத்தில் புல் குட்டையாகவும் தரை இறுக்கமாகவும் இருக்கும், பந்து விழுந்தபின் உருண்டு செல்லும், எந்தச் சரிவில் எப்படி உருளும் என்று கணிப்பதே ஆட்டத்தின் பாதிச் சுவை. 1880களில் இங்கிலாந்தின் நடுத்தர, மேல்தட்டு மக்களிடையே கோல்ஃப் மோகம் பரவியபோது இலண்டனைச் சுற்றி அவசரமாகப் பல மைதானங்கள் அமைந்தன. அவற்றுள் பல களிமண் மைதானங்கள். குளிர்காலத்தில் பந்து சேற்றில் புதையும். கோடையில் தரை வெடித்துக் கிடக்கும். பங்கர்கள் எனப்படும் மணற்குழிகள், குதிரைப் பந்தயத்தின் தடைவேலிகளைப் போலக் குறுக்கே நேர்கோட்டில் வெட்டப்பட்டிருந்தன. உண்மையான கோல்ஃப் ஆட வேண்டுமானால் கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்பது அன்றைய பொதுக்கருத்து, அதில் பிழையும் இல்லை.

அந்தக் கருத்தை முதலில் அசைத்தது வோக்கிங். 1893இல் இலண்டன் வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து வோக்கிங் அருகே ஹெதர் மண்டிய வெளியைத் திருத்தி மைதானம் அமைத்தார்கள். நகரத்திலிருந்து இரயிலில் விரைவாகப் போய்விடலாம், நிலத்தின் விலையும் குறைவு என்பவை அவர்களுக்கு வாய்த்த வசதிகள். புதரை அகற்றிப் புல்லை வளர்த்தபோதுதான் மண்ணின் குணம் தெரிந்தது. மழை பெய்த சிறிது நேரத்தில் தரை காய்ந்துவிடுகிறது. சனவரியிலும் கால் நனையாமல் ஆடலாம். ஃபெஸ்க்யூ, பென்ட் என்ற மெல்லிய புல்வகைகள் உரம் கேட்காமல் வளர்கின்றன. பந்து கடற்கரையில் உருள்வதைப் போலவே உருள்கிறது. உழவனுக்குச் சாபமாக இருந்த குறைகள் எல்லாம் கோல்ஃப் ஆடுபவனுக்கு வரமாக அமைந்தன.

சன்னிங்டேலின் கதை 1900இல் தொடங்குகிறது. நிலம் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குச் சொந்தமானது. 1856லேயே திறக்கப்பட்டுவிட்ட சன்னிங்டேல் இரயில் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. மைதானத்தை வகுக்க அழைக்கப்பட்டவர் ஸ்காட்லாந்தின் மஸல்பராவைச் சேர்ந்த இளைய வில்லி பார்க். இவருடைய தந்தை, பிரிட்டனின் தலையாய கோல்ஃப் போட்டியான ஓப்பன் 1860இல் முதன்முதலாக நடந்தபோது அதன் வெற்றியாளர். இவரே 1887, 1889 ஆண்டுகளில் ஓப்பன் வென்றவர். அக்காலத்தில் பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் வந்து, நிலத்தை ஒரு நாள் சுற்றி நடந்து, முதல் அடி அடிக்கும் டீ மேடைக்கு ஒரு குச்சி, குழியைச் சுற்றிய குட்டைப்புல் பரப்பான கிரீனுக்கு ஒரு குச்சி என்று நட்டுவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போவது வழக்கம். பார்க் அப்படிச் செய்யவில்லை. புதரையும் வேரையும் களைந்து, நிலத்தைப் பண்படுத்தி, முழு மைதானத்துக்கும் விதை தூவிப் புல் வளர்த்தார். இருக்கிற புல்லை வெட்டி ஆடுவதே வழக்கமாக இருந்த காலத்தில் அது துணிச்சலான காரியம். 1901இல் மைதானம் திறக்கப்பட்டது.

திறந்த உடனேயே சோதனை வந்தது. அதுவரை ஆடிய, குட்டா-பெர்ச்சா என்ற மரப்பிசினால் கட்டியாகச் செய்த பந்தின் இடத்தை, ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கெல் பந்து பிடித்துக்கொண்டது. 1902 ஓப்பனில் சாண்டி ஹெர்ட் அதை வைத்து வென்ற பிறகு பழைய பந்தைச் சீந்துவார் இல்லை. புதிய பந்து அதிகத் தொலைவு பறந்ததால் அன்றைய மைதானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குட்டையாகிப் போயின. சன்னிங்டேலில் அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் கிளப்பின் முதல் செயலாளராக 1901இல் பொறுப்பேற்ற ஹாரி கோல்ட். இவர் கேம்பிரிட்ஜில் சட்டம் படித்த வழக்கறிஞர், தேர்ந்த அமெச்சூர் ஆட்டக்காரர். 1913 வரை அப்பதவியில் இருந்தபடியே மைதானத்தை நீட்டினார், பங்கர்களை இடம் மாற்றினார், சில குழிகளை, அதாவது டீ மேடை முதல் கிரீன் வரையிலான ஆட்டப் பகுதிகளை, புதிதாக அமைத்தார். பிறகு 1920களின் தொடக்கத்தில் பக்கத்திலேயே புதிய மைதானத்தையும் வகுத்தார். ஒரே மைதானத்தில் பத்தாண்டுக்கு மேல் தினமும் நடந்து, எந்தச் சரிவில் யார் பந்து எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தும் வாய்ப்பு வேறெந்த வடிவமைப்பாளருக்கும் எளிதில் கிட்டாதது. பழைய மைதானத்தின் எலும்பு பார்க்குடையது, சதை கோல்ட்டுடையது என்று நான் நினைப்பதுண்டு.

இப்போது ஹெதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈர்ப்பின் மையம் அதுதான். தொலைவிலிருந்து பார்த்தால் மென்மையான கம்பளம் போலத் தெரியும் இந்தப் புதர், பந்து உள்ளே விழுந்தபின் வேறு முகம் காட்டும். பந்து அடியில் இறங்கிவிடும். சில நேரம் காலடியிலேயே இருந்தும் கண்ணுக்குப் படாது. கண்டுபிடித்து ஓங்கி அடித்தால், விறைத்த தண்டுகள் மட்டையின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முகப்பைத் திருப்பிவிடும். பந்து இடப்பக்கம் சிறிது தூரம் தத்திச் சென்று மறுபடியும் ஹெதருக்குள்ளேயே விழும். அனுபவசாலிகள் வெட்ஜ் மட்டையை இறுகப் பிடித்து, குழி இருக்கும் திசையை மறந்துவிட்டு, அருகிலுள்ள ஃபேர்வே என்ற வெட்டிய புல்வழிக்குப் பந்தைப் பக்கவாட்டில் தள்ளி வெளியேறுவார்கள். ஏரியில் விழுந்த பந்துக்குக் கணக்கு உடனே முடிந்துவிடும். இங்கே பந்து கண்முன் கிடக்கிறது, அடித்துப் பார்த்தால் என்ன என்ற ஆசை எழுகிறது. அந்த ஆசைக்கு இணங்குபவர் ஒரு ஸ்ட்ரோக்குக்கு (அடிக்கு)ப் பதில் மூன்று ஸ்ட்ரோக் இழப்பார். தண்டனையின் அளவை ஆட்டக்காரரின் பேராசையே தீர்மானிக்கும் இப்படியொரு தடை கோல்ஃபில் வேறு இல்லை என்பது என் கருத்து.

பங்கர்களின் மேல் விளிம்பிலும் ஹெதரைப் புருவம் போல வளரவிட்டிருக்கிறார்கள். அதனால் மணற்குழி என்பது தோண்டி வைத்த பள்ளமாகத் தோன்றாமல், நிலம் தானே கிழிந்து மணல் வெளித்தெரிவது போல இருக்கிறது. ஆகஸ்டு, செப்டம்பரில் ஹெதர் பூக்கும்போது ஃபேர்வேயின் இருபுறமும் ஊதா நிறம் விரியும். அதன் அழகைப் பாராட்டாதவர் இல்லை. என்றாலும் பூ இல்லாத பிப்ரவரியில் பழுப்பேறிக் கிடக்கும் ஹெதர்தான் மைதானத்தின் வடிவத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

கோர்ஸ் பற்றி ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். அங்கே மண்ணுக்குரிய செடியாக மதிக்கப்படும் இந்த முட்புதரை ஆங்கிலேயர் நீலகிரிக்கும் இலங்கையின் மலைநாட்டுக்கும் கொண்டுவந்தார்கள். நீலகிரிப் புல்வெளிகளிலும் ஓட்டன் சமவெளியிலும் அது இன்று அகற்ற முடியாத ஆக்கிரமிப்புச் செடியாகப் பரவிக் கிடக்கிறது. ஊட்டிப் பக்கம் மஞ்சள் பூவோடு நிற்கும் அந்த முட்புதரைப் பார்த்தவர்கள் சன்னிங்டேலின் ஒரு துண்டைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் இருக்கக் கூடாத இடத்தில்.

வடிவமைப்புக்கு வருவோம். பழைய மைதானத்தின் பார், அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு சுற்றை முடிக்க எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை, 70. ஒவ்வொரு குழிக்கும் இப்படி ஒரு பார் உண்டு. முதல் குழி அகலமான, சாதுவான பார் ஐந்து; வந்தவரை வரவேற்கும் நோக்கம் வெளிப்படை. மூன்றாவது குழியோ வேறு வகை. சுமார் 320 கெஜந்தான். பலசாலி ஒருவர் டீயிலிருந்தே கிரீனை எட்டிவிடலாம். ஆனால் கிரீன் ஆட்டக்காரரை நோக்கிச் சாயாமல் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், தவறான கோணத்திலிருந்து வரும் பந்து நிற்காது. ஒன்பதாவது, பதினோராவது குழிகளும் இதே இனம்: நீளம் குறைவு, கேள்வி கடினம். நீளத்தைக் கொண்டு மிரட்டுவதைவிட, இப்படி ஆட்டக்காரரின் கணிப்போடு விளையாடுவதில்தான் இந்த மைதானத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. ஐந்தாவது குழியின் டீ மேடையில் நின்றால் கீழே ஃபேர்வே, ஹெதர், சிறு குளம், கிரீன் எல்லாம் ஒரே பார்வையில் விரியும். பத்தாவது குழியின் மேடையும் அப்படிப்பட்டதே. உயரத்திலிருந்து அடித்துக் கீழிறங்கி, பிறகு மேலேறிக் கிரீனை அடைய வேண்டும். அந்தக் கிரீனுக்குப் பின்னால் உள்ள குடிசையில் கிடைக்கும் சாசேஜ் சாண்ட்விச், மைதானத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஒருவர்கூடத் தவறவிடாத செய்தி, நானும் தவறவிடவில்லை. பதினெட்டாவது கிரீனுக்குப் பின்னால் நிற்கும் பெரிய ஓக் மரமே கிளப்பின் சின்னம்.

இந்த வகைக் கேள்வி கேட்கும் வடிவமைப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு மறுபடியும் வோக்கிங்கைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ஜான் லோ, ஸ்டூவர்ட் பேட்டன் என்ற இரண்டு உறுப்பினர்கள், நான்காவது குழியின் ஃபேர்வே நடுவில், நல்ல ஷாட் போய் விழும் இடத்திலேயே, பங்கர் வெட்டினார்கள். வலப்பக்கம் இரயில் பாதை. அதை ஒட்டிய குறுகிய வழியில் துணிந்து அடித்தால் கிரீனுக்குக் கோணம் சுலபம், இடப்பக்கம் பாதுகாப்பாக அடித்தால் அடுத்த ஷாட் கடினம். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் பதினாறாவது குழியில் கண்ட ஏற்பாட்டைத்தான் அவர்கள் உள்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நேராக அடித்தவனுக்குத் தண்டனையா என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். பிற்காலத்தில் பெயர்பெற்ற வடிவமைப்பாளராகிய டாம் சிம்ப்சன், கோல்ஃப் வடிவமைப்பின் பக்கம் தம் கவனம் திரும்பியதே அந்தப் பங்கரைப் பார்த்துத்தான் என்று சொல்லியிருக்கிறார். தவறை மட்டும் தண்டித்துக்கொண்டிருந்த மைதானம், ஆட்டக்காரரை முடிவெடுக்க வைக்கும் மைதானமாக மாறியது இந்த மணற்பரப்பில்தான்.

சன்னிங்டேலில் அடிக்கப்பட்ட புகழ்பெற்ற சுற்று 1926 ஜூனில் பாபி ஜோன்ஸ் ஆடியது. ஓப்பன் போட்டியின் தகுதிச் சுற்றுக்காக வந்திருந்த அந்த அமெரிக்க அமெச்சூர், மரக்காம்பு பொருத்திய மட்டைகளால் ஆடி 66 எடுத்தார். முதல் ஒன்பது குழிகளில் 33, அடுத்த ஒன்பதில் 33. கிரீனில் பந்தை உருட்டும் அடியான பட் 33, மற்ற ஷாட்டுகள் 33. அட்டையில் மூன்றையும் நான்கையும் தவிர வேறு எண் இல்லை. அவ்வாண்டு ஓப்பனையும் அவர் ராயல் லித்தம் மைதானத்தில் வென்றார். இந்த மைதானத்தை வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் சொன்னதாக இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அவருடைய அந்தச் சுற்றில் எனக்குப் பிடித்தது எண்களின் சமச்சீர் மட்டுமன்று. தவறுக்கு இடம்கொடாமல் ஆடினால் மைதானம் அதற்குரிய பரிசைத் தரத் தயங்காது என்பதை அது காட்டுகிறது. 2004 மகளிர் பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி நாளில் இங்கிலாந்தின் கேரன் ஸ்டபிள்ஸ் முதல் குழியில் ஈகிளும் (பாருக்கு இரண்டு குறைவு) இரண்டாவது குழியில் ஆல்பட்ராஸும் (மூன்று குறைவு) அடித்து, இரண்டே குழிகளில் பாருக்கு ஐந்து குறைவாக இறங்கி, 64 எடுத்துக் கோப்பையை வென்றார். கடுமையான மைதானங்களின் வரலாற்றில் பெரும்பாலும் சரிவுகளே நினைவில் நிற்கும். சன்னிங்டேலில் நினைவில் நிற்பவை சாதனைகள்.

கடலோர லிங்க்ஸில் காற்று ஆளும். உள்நாட்டுப் பூங்கா மைதானங்களில் மரமும் நீளமும் ஆளும். ஹீத் மைதானத்தில் தரையின் நெளிவே ஆளுகிறது என்றால் பொருந்தும். எல்லா ஹீத் மைதானங்களும் ஒன்றுபோல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1904இல் ஹெர்பர்ட் ஃபவுலர் வகுத்துத் திறந்த வால்டன் ஹீத், பாக்சாட் மணல்மீது இல்லை. இலண்டனுக்குத் தெற்கே சுண்ணாம்புக் குன்றின் உச்சியில், சுண்ணாம்பை மூடிய அமில மண் போர்வையின்மேல் இருக்கிறது. அங்கே மரம் குறைவு, காற்று அதிகம். ஐந்து முறை ஓப்பன் வென்ற ஜேம்ஸ் பிரெய்ட் 1904 முதல் 1950இல் இறக்கும்வரை அங்கேயே தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தார். சர்ச்சில், பால்ஃபர், லாயிட் ஜார்ஜ் என்று அரசியல் தலைவர்கள் உறுப்பினர்களாக வலம்வந்த இடம் அது. லாயிட் ஜார்ஜுக்காக அருகே கட்டிக்கொண்டிருந்த வீட்டில்தான் 1913 பிப்ரவரியில் பெண்கள் வாக்குரிமைப் போராளிகள் குண்டு வைத்தார்கள். 1981 ரைடர் கோப்பையில் அமெரிக்கா ஐரோப்பாவை 18½–9½ என்று நொறுக்கியதும், 2023இல் லிலியா வூ மகளிர் ஓப்பன் வென்றதும் அங்கேதான். ஹீத்தின் பழைய தோற்றத்தை வால்டன் ஹீத் அதிகம் காப்பாற்றியிருக்கிறது. கண்ணுக்கு இனிமை சன்னிங்டேலில் அதிகம். எனக்கு எது என்று கேட்டால், ஆடுவதற்கு வால்டன் ஹீத், நடப்பதற்குச் சன்னிங்டேல் என்பேன்.

அந்த இனிமையில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. இன்று சன்னிங்டேலுக்கு அழகு சேர்ப்பதாகப் பலரும் நினைக்கும் பைன் மரங்கள் 1901இல் அங்கே பெரும்பாலும் இல்லை. அன்றைய படங்களில் கிட்டத்தட்ட மொட்டை வெளிதான் தெரிகிறது. சில மரங்களைக் கோல்ட் நட்டார். பல தாமாக முளைத்தன. மேய்ச்சல் நின்றது, விறகு வெட்டுவோர் நின்றார்கள். 1953இல் மிக்சோமடோசிஸ் என்ற கொள்ளைநோய் பிரிட்டனுக்கு வந்து, கன்றுகளைக் கடித்துத் தின்றுகொண்டிருந்த காட்டுமுயல்களையும் பெருமளவில் அழித்தது. பைனும் பிர்ச்சும் கேட்பாரின்றி வளர்ந்தன. மரநிழலில் ஹெதர் நிற்காது. உதிரும் இலை மட்கி மண்ணுக்குச் சத்துச் சேர்ப்பதால், வறிய மண்ணை நம்பி வாழும் அச்செடியின் இடத்தை வேறு செடிகள் பிடித்துக்கொள்ளும். எனவே கடந்த சில பத்தாண்டுகளாகச் சரேயின் ஹீத் கிளப்புகள் பலவும் மரங்களை வெட்டுகின்றன, மட்கிய மேல்மண்ணைச் சுரண்டி அகற்றுகின்றன, முற்றிய ஹெதரை வெட்டிப் புதுத் தளிர் விடச்செய்கின்றன. மண்ணைச் சத்தற்றதாக வைத்திருக்கப் பணம் செலவழிக்கும் தோட்டக்காரர்களை வேறெங்கும் காண்பது அரிது.

மரம் வெட்டுவதைச் சூழலுக்குக் கேடு என்று எதிர்ப்பவர்கள் அங்கும் உண்டு. ஆனால் 1800க்குப் பிறகு இங்கிலாந்தின் தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. மிஞ்சியவற்றை நம்பித்தான் தரையில் கூடுகட்டும் பக்கிப் பறவை, மர வானம்பாடி, டார்ட்ஃபோர்ட் கதிர்க்குருவி, மணற்பல்லி முதலியவை வாழ்கின்றன. முதல் மூன்று பறவைகளுக்காகவே தேம்ஸ் வடிநிலத்தின் ஹீத் துண்டுகள் 2005இல் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. பழைய மேய்ப்பர்கள் கணக்குப் பார்க்காமல் செய்த வேலையை இன்று கோல்ஃப் கிளப்புகள் பகுதியளவு செய்கின்றன என்பது விசித்திரமான உண்மை. எல்லா மரங்களையும் அகற்றிவிட வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு நான் போக மாட்டேன். ஆனால் பழைய மைதானத்தின் சில ஃபேர்வேக்கள் இன்னும் காட்டுப் பாதைகள் போலவே இருக்கின்றன. அவ்விடங்களில் கோடரி இன்னும் சிறிது வேலை செய்யலாம்.

குறைகளை மறைத்தால் விடை முழுமையாகாது. ஏழைகள் விறகு பொறுக்கிய நிலம், பின்னர் பணக்காரர்கள் மட்டும் நுழையும் கிளப்பாயிற்று. தொழில்முறை ஆட்டக்காரர்கள்கூடக் கிளப் வீட்டுக்குள் நுழைய முடியாத காலம் இங்கிலாந்தில் நெடுநாள் நீடித்தது. இன்றும் விருந்தினராக ஒரு சுற்று ஆடக் கோடையில் பல நூறு பவுண்டு கேட்கிறார்கள். அது எனக்கு நியாயமாகப் படவில்லை. இதற்கு ஓரளவு மாறாக நிற்பது 1934 முதல் சன்னிங்டேலில் நடந்துவரும் ஃபோர்சம்ஸ் போட்டி. ஆண், பெண், தொழில்முறை, அமெச்சூர் என்ற வேறுபாடின்றி யாரும் யாரோடும் இணைசேர்ந்து, ஒரே பந்தை மாறி மாறி அடித்து ஆடுவார்கள். வலிமை வேறுபாட்டை ஹேண்டிகேப் என்ற சலுகை அடிக் கணக்கு சமன்செய்கிறது. நீளம் குறைந்த மைதானம் என்பது இங்கே பெரிய நன்மை. நீண்ட மைதானத்தில் இப்படியொரு கலப்புப் போட்டி சுவைக்காது.

நீளம் போதாது என்ற குற்றச்சாட்டை இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்தால் அது மெய்தான். 330 கெஜம் அடிப்பவர்கள் சில பார் நான்கு குழிகளை எளிதாக விழுங்கிவிடுவார்கள். ஆனால் மைதானம் அவர்களுக்காக மட்டும் இல்லை. பத்து வயதுச் சிறுவனும் எழுபது வயது முதியவரும் ஒரே சுற்றில் மகிழ்ந்து ஆடி, இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடும் இடங்கள் உலகில் மிகக் குறைவு. இந்த மணற்பரப்பில் கற்றுக்கொண்டதைத்தான் கோல்ட் அமெரிக்காவின் பைன் வேலி மைதானத்துக்கு ஆலோசனையாகக் கொடுத்தார். அவருடைய கூட்டாளி சார்லஸ் அலிசன் ஜப்பானில் ஹிரோனோவை வகுத்தார். ஒருகாலத்தில் கோல்ட்டுடன் சேர்ந்து பணியாற்றிய அலிஸ்டர் மெக்கென்சி, பின்னாளில் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அகஸ்டா மைதானத்தை உருவாக்கினார்.

இனிப் பயணம். ஆகஸ்டின் பிற்பகுதியில் போவது நல்லது, ஹெதர் பூத்திருக்கும். இலண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து சன்னிங்டேலுக்கு இரயில் உண்டு. நிலையத்திலிருந்து கிளப் நடை தூரந்தான். ஆட விரும்பினால் பல மாதங்களுக்கு முன்பே கிளப்புக்கு எழுதி இடம் கேட்க வேண்டும், ஹேண்டிகேப் சான்றும் வைத்திருக்க வேண்டும். ஆடாமல் பார்க்க மட்டும் என்றால் வால்டன் ஹீத்துக்குப் போங்கள். அது பொதுநிலம், நடைபாதைகள் மைதானத்தின் குறுக்கே செல்கின்றன, ஆட்டக்காரர் அடிக்கும்போது நின்று வழிவிட்டால் போதும். பார்க்கும் முன்போ பின்போ சன்னிங்டேலுக்குப் பக்கத்திலுள்ள சோபம் காமன் என்ற தேசிய இயற்கைக் காப்பகத்தில் ஒரு மணி நேரம் நடந்துவிடுங்கள். கோல்ஃப் வராதிருந்தால் அந்த நிலம் எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கே காணலாம்; மைதானத்தின் எந்தப் பகுதி இயற்கையின் கை, எந்தப் பகுதி கோல்ட்டின் கை என்று பிரித்தறிய அது மிகவும் உதவும்.